சிவகாமியின் கன்னமும் என் கறுப்புக் கொப்பியும்

பொறாமைக்காரனுக்குக் கைக்கடிகாரம் பரிசாகக் கொடுக்கக் கூடாது. இது என் மாமனாருக்குத் தெரியாது. கல்யாணத்தன்று அவர் என் கையில் கட்டிவிட்டது விநாடி முள் வைத்த கடிகாரம். அந்த முள் மட்டும் இல்லாதிருந்தால் நான் பட்ட அவமானம் பாதியோடு முடிந்திருக்கும்.

பத்திரிகையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். கண்டதை மட்டும் எழுது, நேரத்தைக் குறி, அளவைச் சொல் என்று இளைய நிருபர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தப் பயிற்சி உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று அவர்கள் கேட்பார்கள். இதுவரை ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மை இதுதான்: என் மனைவியின் வலது கன்னத்தில்.

ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இரண்டாவது கிளாக்கர். வயது இருபத்து நான்கு. சிவகாமியைக் கட்டி நான்கு மாதம். ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் எங்கள் குவாட்டர்ஸ். இடையில் அறுபத்து மூன்று படிகள். (எண்ணியிருக்கிறேன். ஏன் என்பது பிறகு தெரியும்.)

அன்று காலை பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அதற்குப் பிந்திப் போகிற கிளாக்கரை முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "தேத்தண்ணி என்னாச்சு?" என்று நான் கத்தினேன். அடுப்பில் இருந்தது தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய மிலாறு. பனியில் ஊறிப் புகைந்துகொண்டிருந்தது. நான் கத்தியதில் பயந்துபோய் (அவள் சொல்வது: "பயமா? எரிச்சல்ல") சிவகாமி மண்ணெண்ணெய்ப் போத்தலை அடுப்பில் சரித்தாள். தீ ஒரு முறை எழும்பி, அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. வலது புருவத்தில் பாதி போயிற்று. கன்னத்தில் ஒரு காயம். பிறகு அடிமட்டம் வைத்து அளந்தேன்: நீளம் ஒன்றேகால் அங்குலம், அகலம் முக்கால் அங்குலம்.

தீப்பட்ட இடத்தில் மை ஊற்றினால் கொப்புளிக்காது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். கிளாக்கர் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மைக்கு வராது. ஒரு புட்டியை முழுதாகக் கவிழ்த்தேன். சிவகாமியின் முகத்தில் ஒரு பாதி நீலமாகி, மீதி மை கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அப்போதுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வந்தார். பெயர் தில்லைநாதன். (இப்போது 'வந்தார்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் எழுதியது 'வந்தான்'.) யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். உயரம், நெளிமுடி, மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை, கல்யாணமாகாதவர். இந்த நான்கும் ஒரே ஆளிடம் இருப்பது அநியாயம் என்று எனக்கு முதல் நாளே பட்டது.

அவர் குனிந்து பார்த்தார்.

"உதென்ன, மையோ? ஆர் ஊத்தினது?"

"நான்தான்."

"நல்ல காலம், கையெழுத்துப் போடாமல் விட்டியள்."

சிவகாமி சிரித்துவிட்டாள். அந்த எரிச்சலிலும் சிரித்தாள். நான்கு மாதத்தில் நான் சொன்ன எந்தப் பகிடிக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"சிரிக்காதேங்கோ தங்கச்சி, தோல் இழுபடும்," என்றார் அவர்.

சிரிக்கவும் வைத்துவிட்டு, சிரிக்காதே என்றும் சொல்கிற மனிதனை எந்தப் புருஷன் நம்புவான்?

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் என் மையைக் கழுவினார். அவித்த துணியில் மெல்லிசாக வாசலீன் தடவிக் காயத்தின் மேல் வைத்தார். பிறகு விதிகளைச் சொன்னார். மஞ்சள் வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம். வாசனைப் பொருள் ஒன்றும் கிட்டவே வரக் கூடாது. "பொருக்குத் தானா விழும், பிச்செடுக்காதேங்கோ. வெயில் படவிடாதேங்கோ. மிச்சத்தை நான் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன்."

ஒவ்வொரு நாளும்.

அன்று மத்தியானமே ஆபீஸ் அலுமாரியிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு சின்னக் கொப்பியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தில்லைநாதன் வருவது காலை ஒன்பது மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருக்க வேண்டியவன். ஆகவே ஒவ்வொரு நாளும் எதையாவது வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். முதல் வாரத்தில் மறந்தவை: பேனா, கண்ணாடி, கைக்குட்டை, மறுபடி பேனா, ஆபீஸ் சாவி, ஒரு நாள் சப்பாத்து. அன்று வெறுங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பெரிய கிளாக்கர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, நாளைக்குத் தலைய மறந்துட்டு வருவியா?"

"இல்லீங்க ஐயா."

"இருந்தா வீட்டுலயே வச்சிட்டு வா. இங்க அதுக்கு வேலை இல்ல."

அறுபத்து மூன்று படிகளையும் ஓடி ஏறி, சன்னலோரம் நின்று மூச்சை அடக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பேன். கொப்பியில் அன்றன்றே எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது (ஏன் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், அவளைக் கேளுங்கள்). அதிலிருந்து சில வரிகள்:

'இரண்டாம் நாள். 9.10. வந்தான். வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் கலையவில்லை. கன்னத்தில் கை வைத்திருந்த நேரம் நாலு நிமிடம் இருபது விநாடி. ஒன்றேகால் அங்குலக் காயத்துக்கு இது அதிகம்.'

'மூன்றாம் நாள். 9.05. ஐந்து நிமிடம் முந்தி வந்தான். ஏன்? அவன் சிரித்தது மூன்று. அவள் சிரித்தது இரண்டு. அதில் ஒன்று பல் தெரிய.'

'ஐந்தாம் நாள். தன் குடையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், வெயில் படாமலிருக்க. நம் வீட்டில் குடை இல்லையா? (இருக்கிறது. கம்பி இரண்டு உடைந்தது.)'

'ஏழாம் நாள். ஏழு முறை "தங்கச்சி" என்றான். சொந்த அண்ணன் ஏழு முறை சொல்ல மாட்டான்.'

எட்டாம் நாள் நடந்தது இன்னும் மோசம். "சாப்பிட்டியா?" என்று நான் கேட்டேன். சிவகாமி கவனமில்லாமல் "ஓம்" என்றாள். எங்கள் ஆட்கள் யாரும் 'ஓம்' சொல்ல மாட்டார்கள். ஆமா என்போம், ம் என்போம். 'ஓம்' யாழ்ப்பாணத்தார் சொல். என் வீட்டுக் குசினிக்குள் யாழ்ப்பாணம் நுழைந்துவிட்டது என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஒரே ஆறுதல், காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஆறியதும் அவர் வரத்து நின்றுவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் பொருக்கு விழுந்தது. அடியில் புதுத் தோல், பிஞ்சு மாதுளம் முத்தின் நிறத்தில். வடு இல்லை. நான் மனதுக்குள் குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்தேன்.

தில்லைநாதன் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வடிவா மாறியிருக்கு. ஆனால் இப்பதான் கவனம் வேணும். புதுத் தோல் குழந்தைப்பிள்ளை மாதிரி. இந்த நிறம் உங்கட நிறத்தோட சேர மூண்டு நாலு மாசம் செல்லும். அதுவரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து பாக்கிறன்."

மூன்று நாலு மாதம்! நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பொகவந்தலாவைக் கடைத்தெருவில் காதர் நானாவின் கடைக்குப் போனேன். தீப்பட்ட கன்னத்துக்கு என்று சொல்லவில்லை. "மொகத்துக்கு நல்லதா ஒண்ணு குடுங்க நானா," என்றேன். புதுமாப்பிள்ளை கேட்டால் கடைக்காரர் என்ன கொடுப்பார்? ரோஜா வாசனை போட்ட ஸ்னோ ஒரு புட்டி எடுத்து வைத்தார்.

"இதப் பூசினா மூணு நாள்ல மொகம் பளிங்காயிரும் கிளாக்கர். பொஞ்சாதி ஒங்கள விட்டு நகர மாட்டாங்க."

எனக்குத் தேவையானது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

பகல் இரண்டரை மணிக்குப் புட்டியைச் சிவகாமியின் கையில் வைத்தேன்.

"வாசனை கூடாதுன்னு டாக்டரு சொன்னாரேங்க."

"அவரு சொன்னா வேதமா? நான் வாங்கிட்டு வந்தா வெசமா?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். (கடிகாரம் பார்க்கவில்லை, உத்தேசம்.) பிறகு புட்டியைத் திறந்து, விரலால் எடுத்து, புதுத் தோல் முழுக்கப் பூசிக்கொண்டாள். அது ஆசைப்பட்டுப் பூசியதல்ல, எனக்காகப் பூசியது. அதைப் புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு அன்று இல்லை. கொப்பியில் எழுதினேன்: 'பதினோராம் நாள். பகல் 2.30. காதர் நானா கடை ஸ்னோ. நான்தான் பூசச் சொன்னேன். இனி அவன் வரத் தேவையில்லை.'

மறுநாள் காலை கன்னம் தக்காளியாக இருந்தது. சிறு சிறு கொப்புளம், ஓரத்தில் நீர்க் கசிவு, கண் வரை வீக்கம்.

தில்லைநாதன் பார்த்ததும் அவர் முகம்தான் முதலில் வெளுத்தது.

"என்ன பூசினனீங்கள்?"

"ஒண்ணும் பூசலீங்க," என்றாள் சிவகாமி. சொல்லும்போது பார்த்தது என்னை. நான் பார்த்தது பேனாவை. அன்றைக்கு மறந்த பொருள் அது.

அவர் எங்களை நம்பிவிட்டார். அதனால் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். துணி சரியாக அவியவில்லையோ, வாசலீன் டப்பாவில் தூசி விழுந்ததோ என்று எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பகிடி நின்றது. இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றவர் மறுபடி தினமும் வந்தார், காலையும் மாலையும். ஆக, நான் வாங்கிய ஸ்னோவின் பயன்: ஒரு வரவு இரண்டானது.

பதினைந்தாம் நாள் வியாழக்கிழமை. மாதம் ஒரு முறை காரில் வரும் பெரிய டாக்டர் அன்று டிஸ்பென்சரியில் இருப்பார். சிவகாமியையும் காட்ட வேண்டும் என்று தில்லைநாதனே சொல்லியிருந்தார். படி இறங்கும்போது சிவகாமி குடைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஸ்னோ விசயத்த நீங்களே சொல்லிருவீங்கல்ல?"

"பாப்போம்."

"பாக்குறதுக்கு என்னாங்க இருக்கு? அவரு பாவம்."

'பாவம்' என்ற சொல் என்னைக் குத்தியது. என்னை அவள் ஒரு நாளும் பாவம் என்றதில்லை.

பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. 'வா', 'போ', 'நாக்க நீட்டு' என்ற மூன்றை வைத்துக்கொண்டு மலையில் பாதியைக் குணப்படுத்திக்கொண்டிருந்தவர். கன்னத்தைப் பார்த்தார், தில்லைநாதனைப் பார்த்தார், ஆங்கிலத்தில் பொரிந்தார்.

"பத்து நாளில் ஆறிய இடம் பதினைந்தாம் நாள் இப்படி இருக்கிறதென்றால் உன் கையில்தான் அழுக்கு. துணியை அவித்தாயா?"

"அவித்தேன், சார்."

"பிறகு எப்படி? பதில் இல்லையா? ஒரு பெண்ணின் முகத்தைக் கெடுக்கிறவனை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

பேனாவைத் திறந்து தாளை இழுத்தார். தில்லைநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வெள்ளைக் காற்சட்டையில் அன்று மடிப்பு இல்லை. அதையும் கவனித்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

"என்னாங்க எழுதுறாரு?" என்று சிவகாமி கேட்டாள்.

"மருந்து."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே என் கறுப்புக் கொப்பி இருந்தது. என் சட்டைப்பையில் கை வைத்துப் பார்த்தேன். காலி.

"இதுல எல்லாம் இருக்குங்க, நாள் போட்டு எழுதியிருக்கு," என்று பெரிய டாக்டரின் மேசையில் வைத்தாள்.

அவர் புரட்டினார். தமிழ் புரியவில்லை. ஆனால் எண்கள் புரிந்தன. நாள், மணி, நிமிடம், விநாடி, அங்குலம். அவர் முகம் மலர்ந்தது.

"யார் வைத்த குறிப்பு? கணவனா? இருபது வருஷத்தில் ஒரு நோயாளியின் வீட்டில் இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததில்லை! கிளாக்கர், வாசி. ஆங்கிலத்தில் சொல்."

அந்தத் தோட்டத்தில் ஆங்கிலம் நன்றாக வரும் என்று பெயரெடுத்தவன் நான். அந்தப் பெயரை அன்றுதான் வெறுத்தேன்.

வெள்ளைக் காற்சட்டை வரியை, "சுத்தமான உடையில் வந்து சிகிச்சை அளித்தார்" என்று மொழிபெயர்த்தேன். டாக்டர் தலையாட்டினார். கன்னத்தில் கை வைத்த நேரத்தை, "நாலு நிமிடம் இருபது விநாடி சுத்தம் செய்தார், மிகவும் திருப்தி" என்றேன். "நல்லது," என்றார். பல் தெரியச் சிரித்த இடம் வந்தது. "நோயாளி உற்சாகமாக இருந்தார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற தில்லைநாதன் பாவம், தன் வேலையைக் காப்பாற்றும் எண்களை நான் கவனக் குறைவாக விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"கிளாக்கர், அதில மூண்டு, ரெண்டு எண்டு ஏதோ கணக்கு இருக்கு. விட்டிட்டியள்."

"அது... முக்கியமில்ல."

"காட்டுங்கோ." வாங்கிக்கொண்டார். வாசித்தார். அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்த பக்கமும். காது மடல் சிவந்தது. குடையைப் படித்தார், ஏழு தங்கச்சிகளைப் படித்தார், குசினிக்குள் நுழைந்த யாழ்ப்பாணத்தைப் படித்தார். பதினோராம் நாளுக்கு வந்து நின்றார். எனக்கு விநாடி முள்ளின் சத்தம் கேட்டது.

அந்த ஒரு வரியை அவர் உரக்கச் சொன்னால் போதும். அவர் வேலை தப்பும், நான் அங்கேயே புதைவேன். அவர் கொப்பியை அந்தப் பக்கத்தோடு என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வாசியுங்கோ."

வாசித்தேன். ஸ்னோ, ரோஜா வாசனை, பகல் 2.30, பூசச் சொன்னது நான். அதற்குள் பெரிய டாக்டருக்கு ஏதோ உறைத்துவிட்டது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி, ஒரு சொல் விடாமல் என்றார். அதையும் செய்தேன். காற்சட்டையைக் காற்சட்டையாகவும் பல்லைப் பல்லாகவும் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் மூலத்துக்கு அவ்வளவு விசுவாசமாக நான் வேறெதையும் மொழிபெயர்த்ததில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பல் கணக்கு எத்தனை நாள்?"

"பதினான்கு நாள், சார்."

"மொத்தம்?"

"பதினேழு." (கூட்டி வைத்திருந்தேன். கிளாக்கர் அல்லவா?)

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி மேசையைத் தட்டினார். அவர் தன் பல்லை விரலால் தொட்டுக் காட்டியதும் ஆங்கிலம் தெரியாத சிவகாமிக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அவளும் வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள்.

"சிரிக்காத!" என்றேன் நான். "சிரிக்காதேங்கோ!" என்றார் தில்லைநாதன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"பதினெட்டு," என்றார் பெரிய டாக்டர். எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, எனக்குத் தண்டனை விதித்தார். இனி டிஸ்பென்சர் வீட்டுக்கு வர வேண்டாம். கன்னம் பழைய நிறத்துக்கு வரும்வரை கணவனே பார்க்க வேண்டும். எப்படி என்பதை டிஸ்பென்சர் சொல்லிக் கொடுப்பார்.

தில்லைநாதன் சொல்லிக் கொடுத்தார். முதல் பாடம்: "நகத்தை வெட்டிப்போட்டு வாங்கோ." தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பது, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, வாசலீனை இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி தடவுவது. என் முதல் நாள் சிகிச்சை பதினொரு நிமிடம் ஓடியது. சிவகாமி ஒரு முறையும் சிரிக்கவில்லை.

"அவரு நாலே நிமிசத்துல முடிச்சிருவாரு," என்றாள்.

"கொப்பி ஒன் கைக்கு எப்பிடி வந்துச்சு?"

"நீங்க சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்கப் போவீங்கல்ல? தெனமும் வாசிப்பேன். பேப்பரு வர்ற மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் எழுதுறீங்க. ஒரே ஒரு தப்பு."

"என்ன தப்பு?"

"மூணாம் நாளு பல்லு தெரிஞ்சது ஒண்ணு இல்ல, ரெண்டு. நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு நின்னதுல பாக்கல."

என் எழுத்துக்கு வந்த முதல் திருத்தம் அது.

கன்னம் சித்திரை முடிவதற்குள் சரியாகிவிட்டது. ஸ்னோ மிகக் கெடுத்த ஓரத்தில் மட்டும் எள்ளளவு ஒரு கருமை நின்றுவிட்டது. "மைக்குக் கையெழுத்து விட்டுப்போச்சுன்னு அதுல போட்டுட்டீங்க," என்பாள். தில்லைநாதனுக்கு வேலை நிரந்தரமானது. எங்கள் மூத்தவளுக்கு அம்மை குத்தியவரும் அவர்தான், பிறகு பருத்தித்துறையில் கல்யாணம் கட்டினார். மாலை மாற்றி முடிந்ததும் புதுப்பெண் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, நான் எத்தினை தரம் சிரிச்சனான்?"

எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சிரிக்க முடியாது. "அப்பா, குறிச்சுக்குங்க" என்று ஒரு குரல் வரும். குடும்பப் படம் எடுக்க வருகிறவர் கொஞ்சம் சிரிங்க என்றால், சிவகாமி என் பக்கம் திரும்பி, "பல்லு தெரியவா, தெரியாமயா?" என்பாள். மருமகன்மாருக்கும் பெண் பார்க்க வந்த அன்றே இந்தக் கதை சொல்லப்பட்டுவிட்டது.

போன வாரம் தில்லைநாதனிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் குடை இன்னும் திரும்பி வரவில்லை என்று ஞாபகப்படுத்தியிருந்தார். கடைசி வரியில், 'தங்கச்சியின் கன்னம் சுகமோ?' சிவகாமி வாசித்துவிட்டுச் சிரித்தாள். இந்த வயதில் நான் இதையெல்லாம் குறித்து வைப்பதில்லை.

(இரண்டு முறை. இரண்டும் பல் தெரிய. மாலை 4.15.)